எட்டாயிரம் கேட்ட காது

“எட்டாயிரம் வரைக்கும் கேக்குதுன்னு சொன்னியேல, இப்பச் சொல்லு,” என்று வாசலில் நின்று கத்தினார் பாண்டியராஜன். “திருநெல்வேலி டாக்டரு என்னையப் பாத்துச் சிரிக்காரு.”

“மெதுவாப் பேசுங்க மாமா. தெருவே பாக்குது,” என்றான் மாரிச்செல்வம்.

தெரு பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தது. சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. இங்கே நலம் விசாரிப்பதே வெளியூர்க்காரருக்குச் சண்டையாகத்தான் தெரியும். அன்றைக்கு மின்தடை, தறிகள் நின்றிருந்தன. ஒரு சொல் சிந்தாமல் எல்லோருக்கும் கிடைத்தது.

கோபித்துக்கொண்டு தாய்வீடு வந்திருந்த மாரிச்செல்வத்தின் தங்கை கனகலட்சுமியைத் திரும்ப அழைத்துப் போகத்தான் அவள் புருஷன் ஆவுடையப்பன் சிவகிரியிலிருந்து வந்திருந்தான். துணைக்கு வந்த அவன் தாய்மாமன்தான் இந்தப் பாண்டியராஜன். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வந்த காரியத்தை விட்டுவிட்டுத் தன் காதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

காது விவகாரம் பெண் பார்க்க வந்த அன்றே தொடங்கியது. காபி கொடுத்துவிட்டுத் திரும்பியவளிடம், “சீனி இருக்கா தாயி?” என்று பின்னாலிருந்து கேட்டார் இவர். அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள். “புள்ளைக்குக் காது மந்தமோ?” என்றார். அவள் அம்மா முப்பிடாதியம்மாளின் முகம் செத்துப்போனது.

அண்ணன் மாரிச்செல்வத்துக்கு பெங்களூரில் ஸ்பீக்கர் செய்யும் கம்பெனியில் வேலை. “இங்கனயே டெஸ்ட் பண்ணிருவோம் மாமா. ரெண்டு நிமிஷம்,” என்று லேப்டாப்பைத் திறந்தான். நாங்களும் எட்டிப் பார்த்தோம். திரையில் கட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள். ஒரு கட்டம் எண்ணை ஏற்றிக்கொண்டே போகும். அடுத்த கட்டம் அந்த எண்ணுக்கேற்ற சுருதியில் சத்தத்தை எழுப்பும். லாரி உறுமலில் தொடங்கிக் சில்வண்டின் ரீங்காரம் வரை ஒரே இழுப்பாக ஏறுமாம். அவன் குனிந்து ஏதோ ஒரு கட்டத்தை நகர்த்தி, ஒரு கோட்டை அறுத்து இன்னொன்றை இழுத்தான். பிறகு ஹெட்போனைத் தங்கைக்கு மாட்டி, “கேக்குத வரைக்கும் கையத் தூக்கி வச்சிரு,” என்றான்.

திரையில் எண் எட்டாயிரத்தைத் தொட்டு நின்றது. அவள் கை இறங்கவில்லை.

பாண்டியராஜன் சும்மா இருப்பாரா? தானும் மாட்டிக்கொண்டார். அவர் கையும் இறங்கவில்லை. “ஆயுசுக்கும் இஞ்சின் பக்கத்துல உக்காந்த காது, பாத்தியளா,” என்று சிவகிரி பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லித் திரிந்தார். கல்யாணமும் நடந்தது.

சிவகிரி வீட்டில் தறி இல்லை. எலுமிச்சைத் தோட்டத்துக்காரர்கள், வாய்க்குள்ளேயே பேசுகிறவர்கள். கனகலட்சுமிக்கு அது குசுகுசுப்பாகப் பட்டது. தன் காது எட்டாயிரம் கேட்ட காது அல்லவா? அப்படியென்றால் தன்னைப் பற்றித்தான் ரகசியம் பேசுகிறார்கள். மாமியாரிடம் சண்டை, புருஷனிடம் சண்டை. அவர்களோ, கூப்பிட்டால் வேண்டுமென்றே திரும்பாத திமிர்க்காரி என்றார்கள்.

இதற்கிடையே பாண்டியராஜனின் காதில் ஓயாமல் இரைச்சல் கேட்டது. டாக்டரிடம் போனார். எட்டாயிரம் கேட்டவன் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். டாக்டர் சோதித்துவிட்டு, உமக்கு மூவாயிரமே கேட்காதே என்றாராம். அதற்குத்தான் வாசலில் இந்தச் சத்தம்.

“ஏலே, அந்தப் பொட்டிக்குள்ள என்ன வச்சிருந்த?”

மாரிச்செல்வம் தலையைத் தூக்கவில்லை. “நடுவுல ஒரு கட்டம் செருகினேன் மாமா. எண்ண நாலால வகுத்துத்தான் சத்தத்துக்கு அனுப்பும். திரை எட்டாயிரம்னு காட்டும், காதுக்கு ரெண்டாயிரந்தான் போவும். அதுக்கு முந்தித் தீவாளி லீவுலயே அவளுக்கு டெஸ்ட் பண்ணிப் பாத்திருந்தேன். மூவாயிரம் தாண்டினா ஒண்ணும் கேக்கல. தறி பக்கத்துலயே வளந்தவ.”

ஆவுடையப்பன் அப்போதும் வாய்க்குள்ளேயேதான் பேசினான். “மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா மச்சான். சத்தமாப் பேசியிருப்பேனே,” என்றான். ஆனால் மாமன் தன் கையைப் பிடித்து இழுத்தபோது அதே குரலில் “வாரேன்” என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் போய்விட்டான்.

கனகலட்சுமி பையோடு வாசல்நிலையில் நின்றாள்.

“எல்லாரும் என்னையப் பத்தி ரகசியம் பேசுதாவன்னு ஒனக்குப் போன் போட்டு அழுதேன்லா,” என்றாள் அண்ணனிடம். “அப்ப என்ன சொன்ன?”

அவன் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“மாமியார் வீடுன்னா அப்படித்தான் இருக்கும்னு சொன்ன.”

அப்போதுதான் கரண்டு வந்தது. தறிகள் ஓட ஆரம்பித்தன. அதற்கப்புறம் பேசியது எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆவுடையப்பன் விவாகரத்து வாங்கி ராயகிரிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்தில் பாண்டியராஜன் காதில் மெஷினோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். மாரிச்செல்வம் பெங்களூரிலேயே தன்னோடு வேலை செய்தவளைக் கட்டிக்கொண்டான், ஊர்ப்பக்கம் வருவதில்லை. கனகலட்சுமிக்குக் கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அவளும் மெஷின் வைத்திருக்கிறாள். அண்ணன் போன் வந்தால் கழற்றி வைத்துவிடுகிறாளாம். முப்பிடாதியம்மாள் தறிகளை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டாள்.

அந்த வீட்டுக்கு இப்போது கரிவலம்வந்தநல்லூர்க்காரர்கள் குடிவந்திருக்கிறார்கள். ரொம்ப மெதுவாகப் பேசுகிற குடும்பம். எங்கள் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் ஒன்றும் காதில் விழவில்லை.