சான் ரமோனில் ஒரு போலந்து விதி

சான் ரமோன் தமிழ்ச் சங்கத்துக்குச் சட்டவிதி எழுத ஆள் கிடைக்காதபோது மாளவிகாதான் கையைத் தூக்கினாள். அந்த மாதம் முழுக்க அவள் குடியிருந்தது நாவல்களின் வழியே பழைய போலந்து-லித்துவேனியாவில். ஊருக்கு ஊர் பிரபுக்களின் சபை, மன்னனைத் தேர்ந்தெடுக்கத் திறந்தவெளியில் குதிரையேறி வந்த கூட்டம். எல்லாவற்றையும் விட அவளை மயக்கியது ஒரு வழக்கம்: நாட்டின் பெருஞ்சபையில் ஒரே ஒருவர் எழுந்து ‘நான் அனுமதிக்கவில்லை’ என்றால் போதும், அந்தக் கூட்டத்தில் நிறைவேறிய அத்தனையும் செல்லாது. இவ்வளவு அழகான விஷயத்தை விட்டுவிட மனம் வராமல், ஒன்பதாம் விதியாக எழுதிவைத்தாள். யாரும் படிக்கவில்லை. ஒருமனதாக நிறைவேறியது.

இன்று ஆண்டுக் கூட்டம். சனிக்கிழமைகளில் சங்க அறையில் வாசிப்பு வட்டம் நடத்த மூன்று வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். முதல் தீர்மானமாக அதுவே நிறைவேற, மனதுக்குள் நாற்காலிகளைக் கூடப் போட்டுவிட்டாள். பாக்கியிருந்தது பொங்கல் விருந்து மெனு.

“மறுபடியும் லெமன் ரைஸா? நான் ஒத்துக்க மாட்டேன்,” என்று பால்துரை அங்கிள் எழுந்தார்.

இதற்கு என்ன நடைமுறை என்று போனில் தேடிய செயலாளர் அச்சுதனின் முகம் மாறியது. “அங்கிள், ரூல் நைன்படி மீட்டிங் க்ளோஸ். இன்னைக்கு பாஸ் ஆனது எல்லாமே கேன்சல்!”

“யாருப்பா இத எழுதினது?”

எல்லாத் தலைகளும் மாளவிகா பக்கம் திரும்பின.

“அங்கிள், ப்ளீஸ், வித்ட்ரா பண்ணிடுங்க,” என்றாள் அவள்.

“நான் சோத்ததானம்மா சொன்னேன்? பண்ணிடறேன்.”

“வித்ட்ரா பண்ண வழியே இல்லையே,” என்றான் அச்சுதன்.

இல்லைதான். நாவலில் இருந்த சோகம் கெட்டுவிடும் என்று அவள்தான் அதை எழுதாமல் விட்டிருந்தாள்.

“அடுத்த மீட்டிங்ல ரூலயே தூக்கிடலாம். ஆனா எல்லாரும் ஒத்துக்கணும்,” என்றான் அச்சுதன்.

“ஒத்துப்பீங்கல்ல?” என்று மாளவிகா அவையைப் பார்த்தாள்.

வாரம் ஐந்து நாள் மேனேஜருக்குத் தலையாட்டும் நாற்பது பேர், தாங்களும் பிரபுக்கள் என்று இப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள். பால்துரை அங்கிளை நாலு பேர் கைகுலுக்கிப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாசிப்பு வட்டத்தில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருந்த வான்மதியை அவள் நம்பிக்கையோடு பார்த்தாள்.

“சாரிடி,” என்றாள் வான்மதி. “ஒரு தடவயாவது நானும் எழுந்து சொல்லிப் பாக்கணும்.”