ஸ்பீக்கருக்குக் காய்ச்சல்

மூன்றாவது மாடிப் படக்காரிக்கு இப்போது இரண்டு முதலாளிகள். பெரிய முதலாளி ஸ்டுடியோவில் இருக்கிறார். தொழில் கார்ட்டூன் படம், ஆனால் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சின்ன முதலாளி தொட்டிலில் இருக்கிறார். பல் இல்லை, அதிகாரம் மட்டும் உண்டு.

பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியவளிடம், "வீட்டுல நடக்கிற கூத்தையே சின்னப் படமா பண்ணுங்க" என்றார் பெரியவர். பண்ணினாள். முடிவு மட்டும் அமையவில்லை. வரைந்து காட்டியதையெல்லாம், "அழகா இருக்கு, சிரிப்பு வரலையே" என்று திருப்பிவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் முடிவு போகாவிட்டால் படம் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

ஒரு கையில் பேனா, மறு கையில் பால் புட்டி, காலில் தொட்டில் கயிறு. குறை சொல்லியே வயிறு நிரம்புகிற எங்கள் தெருகூட அவள் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டது என்றால் பாருங்கள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்ட் எங்கே முனகுகிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கிற மனிதர். மத்தியானம் சோபாவில் கண்ணயர்ந்திருந்தார். படத்துக்காகப் பதிவு செய்திருந்த பிள்ளையின் அழுகையை ஸ்பீக்கரில் ஓடவிட்டுவிட்டு, அவள் புட்டி கழுவப் போனாள்.

திரும்பி வந்தால், மனிதர் அரைக்கண்ணோடு ஸ்பீக்கரைத் தோளில் சாய்த்து, முதுகு தட்டியபடி நடந்துகொண்டிருக்கிறார்.

"ஏங்க, யாரத் தட்டிக்கிட்டிருக்கீங்க?"

"உம் புள்ளையத்தான். ஈரம் இல்ல, ஆனா உடம்பு சுடுது. காய்ச்சல் போல."

"உங்க புள்ள அங்க இருக்கான்."

தொட்டிலில் சின்ன முதலாளி வாயைப் பிளந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். சத்தமாக, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக.

படக்காரி பேனாவை எடுத்தாள். "அப்படியே நில்லுங்க."

"இதையா வரையப் போற? மானம் போயிடும்டி."

"போனா போகட்டும். தோள இறக்காதீங்க."

அவள் வரைந்து முடிக்கும்வரை நின்றார். அந்த மனிதரையும் மெச்சத்தான் வேண்டும்.

சாயங்காலம் பெரியவர் போனில் வந்தார். அவள் அனுப்பிய முடிவை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்தார். அப்புறம், "எம் புள்ள பொறந்தப்ப, தூக்கக் கலக்கத்துல நான் ஒருநாள் தலையணைக்கு நாப்கின் மாட்டியிருக்கேன்மா" என்றார். அதைத் தொடர்ந்து வந்த கரகரப்பு சிரிப்புதான் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "படம் உங்களோடதுதான்."

படத்தைப் பார்த்த புருஷனுக்கு மட்டும் ஒரு குறை. "என் மூக்கு என்ன அவ்வளவு பெருசாவா இருக்கு?"

படக்காரியின் இடுப்பிலிருந்த சின்ன முதலாளி எட்டி, அந்த மூக்கைக் கை நிறையப் பிடித்துக்கொண்டார்.