சுவரைப் பார்த்த பக்கம்

அக்கா கொண்டுவந்து மேஜையில் வைத்த மரக் கப்பல் பொம்மையைப் பார்த்து, விழுந்த கப்பல் இப்படி உடையாது என்று அவள் நினைத்துக்கொண்டாள். விழுந்தால் முதலில் போவது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கழி, அப்புறம் பாய்மரங்களின் நுனி. நூல்கள் தொய்ந்து, தூங்கி எழுந்தவள் தலைபோல ஒரு பக்கமாகக் கலைந்து நிற்கும். உடம்புக்கு ஒன்றும் ஆகாது. இதில் முன்கழி முழுசாக இருந்தது. நடுமரம் மட்டும் ஒடிந்து நூலில் தொங்கியது. இடுப்பில்தான் ஓட்டை, கை நுழையும் அளவுக்கு. பலகைப் பட்டைகள் உள்பக்கமாக மடிந்திருந்தன. ஒன்றின் முனையில் சுவர்ச் சுண்ணப்பொடி ஒட்டியிருந்தது. வெளிறிய பச்சை. அக்கா வீட்டில் கப்பல் நிற்கும் கூடத்துக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். பச்சை அடித்தது படுக்கையறையில்.

"காத்துடி," என்றாள் அக்கா. "ஜன்னலைச் சாத்த மறந்துட்டேன். திரை பட்டு இழுத்துட்டு வந்துடுச்சு."

போன தடவை உடைந்ததற்கு அக்கா சொன்ன காரணம், வீடு துடைக்க வந்த அம்மாள். அதற்கு முன்னால் பூனை. பூனை என்று சொன்னபோது அவள் நம்பினாள். அப்போது கப்பல் கண்ணாடிப் பெட்டியோடு உடைந்துபோயிருந்தது. புதுப் பெட்டி செய்து தருகிறேன் என்றதற்கு, கண்ணாடி வேண்டாம், சும்மாவே இருக்கட்டும் என்று அக்கா அவசரமாகச் சொன்னாள். அந்த அவசரம் அவளுக்கு அன்று உறைக்கவில்லை.

வாரம் முழுக்க அவளுக்குப் பல் கட்டும் லேபில் வேலை. யார் யாருடைய வாய்க்கோ அளவெடுத்து வந்த அச்சில் பல் செதுக்குவாள். ஞாயிற்றுக்கிழமை அதே சின்ன அரத்தோடும் இடுக்கியோடும் கப்பலுக்கு வந்துவிடுவாள். தெரிந்தவர்கள் வீட்டுப் பரணிலிருந்து உடைசல் கப்பல்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இந்தக் கப்பல் அப்படி வந்ததல்ல. அக்கா மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், அந்தக் குழந்தைக்கென்று அவளே முதல் பலகையிலிருந்து கட்டியது.

இரண்டு தடவையும் அவள் நன்றாகத்தான் சரிசெய்தாள். புதுப்பட்டையை ஆறின தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துப் பழசின் நிறத்துக்குக் கொண்டுவந்தாள். ஒட்டின இடத்தில் அலமாரித் தூசியை விரலால் தேய்த்தாள். எங்கே உடைந்தது என்று உடைத்தவருக்கே காட்ட முடியாது. அத்தான் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கப்பல்காரி கை பட்டா உடைஞ்சதே பொய்னு ஆயிடுது," என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். இப்போது நினைத்தால் நாக்கில் கசந்தது. அன்று உண்மையிலேயே பெருமையாக இருந்ததுதான் அதில் மோசம்.

அக்கா தேநீரை இடது கையால் எடுத்துக் குடித்தாள். வலது கை மடியில், முந்தானைக்குள் இருந்தது. சுவரில் படுவதற்கு முன்னால் கப்பல் வேறு எதிலும் பட்டதா? கேட்டால் அதற்கும் ஒரு காற்று தயாராக இருக்கும்.

"வெள்ளிக்கிழமை பொண்ணு வர்றா," என்றாள் அக்கா. "படிப்பு முடிஞ்சு மொத்தமா வர்றா. செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி கப்பலைத்தான் பாப்பா. உனக்குத் தெரியாதா?"

தெரியும். போன மாதம் அந்தப் பெண் ஃபோனில், சும்மா கேட்பதுபோல, "சித்தி, வீட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டாள். "அதுக்கென்ன, கப்பல் மாதிரி நிமிந்து நிக்குது," என்று இவள் பதில் சொன்னாள்.  அதைக் கேட்டதும் அந்தப் பெண், "சரி, அப்ப நான் அங்கயே வந்து வேலை தேடிக்கறேன்," என்றாள்.

அக்காவின் ஃபோன் அடித்தது. கோப்பையை வைத்துவிட்டு, ஃபோனை எடுக்காமல் மேஜையிலேயே இடது கையால் ஸ்பீக்கரை அழுத்தினாள். கீழே காரிலிருந்து அத்தான் குரல் அறை முழுக்க வந்தது.

"என்ன கப்பல்காரி, கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. அக்காவும் தங்கச்சியும் வெச்சுட்டு உக்காந்திருக்கீங்களா? சீக்கிரம் அனுப்பி வைம்மா, இங்க வண்டி நிறுத்த விடமாட்டேங்கறான்."

"இதோ வர்றேங்க," என்றாள் அக்கா. ஃபோனுக்குப் பதில் சொல்லும் அந்தக் குரல் மட்டும் கல்யாணப் பெண்ணின் குரலாக இருந்தது.

இவள் பச்சைப் பொடி ஒட்டிய பட்டையை இடுக்கியால் எடுத்து மேஜையில், அக்காவுக்கு எதிரே வைத்தாள். அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எவ்வளவு நாள் ஆகும்?"

"நான் பண்ணல அக்கா."

"வேலை இருந்தா ராத்திரி..."

"வேலை இல்ல. பண்ணல."

அக்கா முதலில் சிரித்தாள். பிறகு அவள் முகம் மெதுவாக இறுகியது.

"உனக்கென்னடி, தனிக்கட்டை. ஒத்து வரலைன்னதும் பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டே. கப்பலை ஒட்டத் தெரிஞ்ச அளவுக்குக் குடும்பத்தை ஒட்டத் தெரியல உனக்கு. நான் அப்படியா? இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். இன்னும் கொஞ்சம்தான். அவளுக்கு ஒரு நல்லது நடக்கற வரைக்கும்."

இந்த வார்த்தை என்றாவது வரும் என்று இவளுக்குத் தெரியும். வந்தபோது அவ்வளவாக வலிக்கவில்லை. நெடுநாள் ஆடிய பல் விழுந்தாற்போல வெறும் இடமாக இருந்தது.

"இங்க இருந்துடேன்," என்றாள். "உள் ரூம் சும்மாத்தான் கிடக்கு."

"பைத்தியம்."

கீழே ஹாரன் ஒலித்தது. அக்கா எழுந்தாள், பிறகு உட்கார்ந்தாள். உடைந்த கப்பலை இடது கையால் மெல்லத் திருப்பி, ஓட்டை இவள் பக்கம் வரும்படி வைத்தாள். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் இப்போது நடுமரம் தவிர எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"சரி, ஓட்டையை விடு. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பாத்து வெச்சுடறேன். யாரு எடுத்துப் பாக்கப் போறா? மரத்தை மட்டும் நிமித்திக் குடு. ரெண்டு நூல்தானே. உனக்கு ஒரு நிமிஷ வேலை." குரல் தாழ்ந்தது. "அவளுக்காகக் கேக்கறேன்டி. எனக்காகன்னு நினைச்சுக்காதே."

இரண்டு நூல்தான். கண்ணை மூடிக்கொண்டு கட்டுவாள். தன் விரல்கள் தாமாகவே நூல்கண்டின் பக்கம் நகர்ந்ததை இவள் பார்த்தாள். கையை எடுத்து மேஜைக்கு அடியில், தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்லக்கா. நான் தொட மாட்டேன்."

ஹாரன் மறுபடி ஒலித்தது. இந்த முறை நீளமாக. இருவரும் ஜன்னல் பக்கம் போகவில்லை. சாயந்திர வெயில் ஓட்டை வழியே கப்பலுக்குள் இறங்கியிருந்தது. உள்ளே வண்ணமோ மெருகோ படாத வெறும் மரம். சட்டங்களில், கப்பலைக் கட்டிய அன்று இவள் வரிசைக்காகப் போட்ட பென்சில் எண்கள், நேற்று எழுதினாற்போல அழியாமல் இருந்தன.