இரண்டாவது கியர்

என் அப்பாவுக்கு, வரப்போகும் மருமகனின் படிப்பு, குடும்பம் எதுவும் முக்கியமில்லை. அப்பாவின் ஃபெராரி டேடோனா காரை எங்கள் வீட்டு கேட்டிலிருந்து பாப்லார் மரங்கள் முடியும்வரை ஓட்டிக் காட்டினால் போதும்.

எழுபத்துமூன்றாம் வருடத்து வண்டி. கருநீலம். பன்னிரண்டு சிலிண்டரும் ஒன்றாக உயிர்பெறும்போது அம்மாகூட அடுப்பை மறந்து ஜன்னலுக்கு வந்துவிடுவாள். ஆனால் ராணிக்கு, அப்பா வண்டியை அப்படித்தான் கூப்பிடுவார், ஒரு பிடிவாதம். எண்ணெய் சூடேறும்வரை இரண்டாவது கியரை ஏற்கமாட்டாள். ஒன்றிலிருந்து நேரே மூன்றுக்குப் போகவேண்டும். எங்கள் ஊரான மொதேனாவில் இது எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரனுக்கு அப்பா சொல்லவே மாட்டார்.

அக்காவைப் பெண் கேட்டு வந்த மிலானோக்காரன் இரண்டாவதைத் திணித்தான். அக்கா அவனையேதான் கட்டிக்கொண்டாள். சர்ச்சுக்குள் அவளைக் கைபிடித்து அழைத்துப்போனவர் மாமா. அப்பா வரவில்லை. எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயந்தேன். எனக்கு அப்பாவும் வேண்டும், நான் காதலிக்கும் லாவுரோவும் வேண்டும்.

லாவுரோ, ரெஜ்ஜோ ஊர்ப் பக்கத்தில் மாட்டு டாக்டர். சேறு அப்பிய ரெனோ காரில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினான். அவன் காதில் முன்பே ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். சொல்லிக்கொடுத்து ஜெயிக்கிற மாப்பிள்ளை எனக்கு எதற்கு என்ற திமிரில் வாயை மூடிக்கொண்டேன்.

"பசு மாட்டைத் தவிர வேற எதையாவது ஓட்டியிருக்கீங்களா தம்பி?" என்று அப்பா சாவியை நீட்டினார்.

"மாட்டை ஓட்டுறதில்லைங்க. அது போற இடத்துக்கு நான்தான் பின்னாடி போறேன்."

அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

வண்டி கேட்டைத் தாண்டியது. பிறகு வந்தது அந்தச் சத்தம், பல்லைப் பல் கடிப்பதுபோல. இரண்டாவது கியர்தான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லாவுரோ உடனே நிறுத்தி இறங்கினான். அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்பக்கம் போனான். அந்த நீண்ட மூக்கின் மேல், உதைபட்ட கன்றைத் தடவுகிற மாதிரி, உள்ளங்கையை வைத்தான்.

"மன்னிச்சிரும்மா. வலிச்சிருக்கும். நீ வேணாம்னு சொன்னது எனக்குப் புரியல. அவசரப்பட்டுட்டேன்."

அப்பா உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய் நின்றேன். கதவைத் திறந்து மெதுவாக இறங்கினார், கண் கலங்கியிருந்தது.

"மிலானோக்காரன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டான்" என்றார். "இவன் இவகிட்ட கேக்குறான்."

பிறகு லாவுரோவைப் பார்த்து, "ஒண்ணு போட்டு, நேரா மூணு. ஆஸ்பத்திரி முக்கு தாண்டினதும் ரெண்டைக் கேட்டுப் பாருங்க, ராணியே குடுப்பா" என்றார். திறந்த கதவை என் பக்கம் பிடித்துக்கொண்டு, "ஏறு" என்றார்.

அப்பா உள்ளே இல்லாமல் அந்த வண்டி கேட்டைத் தாண்டியதே இல்லை.

"நீங்க வரலையாப்பா?"

"ரெண்டு சீட்டுதானே இருக்கு" என்றார்.