கேள்வி கேட்டால் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்

பல்கலைக்கழகத்தின் இணையவழி அறிமுகக் கூட்டத்துக்கு மகளைவிட அம்மாதான் அதிகமாகத் தயாரானாள். தையல் மெஷினை ஓரங்கட்டினாள். கேமராவில் தெரியக்கூடாதென்று கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள். மகளுக்கு இஸ்திரி போட்ட சட்டை.

"வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்காத. ஒரு கேள்வியாவது கேளு. அப்பத்தான் உன்னை ஞாபகம் வச்சிக்குவாங்க." பள்ளியில் ஆசிரியை சொன்னதைக் காலையிலிருந்து கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் 'நேரலை' என்று சிவப்பாக மின்னியது. பேராசிரியர் சிரித்த முகமாகப் பேசினார். உதவித்தொகை கிடைக்குமா என்று மகள் எழுதி அனுப்பினாள். அது இல்லையென்றால் படிப்பும் இல்லை.

"நல்ல கேள்வி!" என்றார் பேராசிரியர்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, நான் சொல்லல?"

அவரோ விடுதி நீச்சல் குளத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினார். மகள் திரையை உற்றுப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் தொங்கியது போன வருஷத்து நாட்காட்டி.

"அம்மா, இது பழைய வீடியோம்மா. அந்தப் பக்கம் யாருமே இல்ல."

"அப்ப அந்த மனுஷன் யாரைப் பாத்துப் பல்லைக் காட்டுறான்?"

அம்மா துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டாள்.

"சட்டையைக் கழட்டி மடிச்சு வை. அடுத்த கூட்டத்துக்கு ஆகும்."

திரையில் அடுத்த கூட்டத்தின் அறிவிப்பு வந்தது. அதே பேராசிரியர், அதே சிரிப்பு, பின்னால் அதே நாட்காட்டி.