பள்ளத்துக்கு வந்த மேட்டுப் புல்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கிட்ட. கை காலை ஆட்டாமல் உட்கார்ந்தால் ஒரு புல் கதை சொல்கிறேன். புல்லில் என்ன கதை என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். ஒரு வீடே உட்கார மறந்து அலைந்த கதை இது.

அந்த வீட்டில் அண்ணன், அண்ணனின் மனைவி, தம்பி என்று மூன்று பேர். மாடுகள் தனிக்கணக்கு. அண்ணன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருப்பவர். தம்பி நேர்மாறு. பால் வண்டி ஓட்டுகிறவன். காலில் சுடுதண்ணியைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி ஓர் இடத்தில் நிற்கமாட்டான், அதனால் தெருவே அவனைச் சுடுதண்ணி என்றுதான் கூப்பிடும். அவனுக்கு அண்ணி என்றால் நமக்கும் அண்ணி என்று வைத்துக்கொள்வோம்.

அவர்களுடைய புல்வெளி பள்ளத்தில் இருந்தது. அண்ணியின் மாமனார் காலத்திலிருந்து உரம் போட்டுப் போட்டு, கொழுத்த புல் ஒன்றே ஒன்று தலையெடுத்து, மற்றச் செடிகளையெல்லாம் நெட்டித் தள்ளிவிட்டது. பார்க்கப் பச்சைக் கம்பளம்தான். ஒரு கோடை வறண்டதும் கம்பளம் பழம்பாயாகிவிட்டது. கறவையும் பாதியாகச் சுருங்கியது.

மேட்டில் இருந்த பக்கத்து நிலமோ எலும்பும் தோலுமான மண். உரத்தைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அங்கே மஞ்சள் பூ, ஊதாப் பூ, பயற்றுக் கொடி, ஒல்லிப் புல், தடிப் புல் எல்லாம் திருவிழாக் கூட்டம்போலத் தோள் இடித்துக்கொண்டு நின்றன. ஒன்றின் வேர் மேலாக ஓடும், இன்னொன்றின் வேர் பாதாளத்துக்குப் போகும். ஒன்று வாடினாலும் ஒன்று தாங்கும். அதே கோடையில் மேடு பச்சையாகவே நின்றது. பசுக்கள் வேலிமேல் தலையைப் போட்டு மேட்டைப் பார்க்கும். அண்ணியும் பார்ப்பாள்.

அந்த மேட்டை டிராக்டர்க்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்தார். திங்கட்கிழமை உழுது, ஒரே புல்லை விதைக்கப் போவதாகச் சொன்னார். அண்ணி அவர் வாசலுக்கே ஓடினாள். சுற்றுவட்டத்தில் அப்படி ஒரு நிலம் வேறு இல்லை. அது போனால் அந்த விதைகளை எங்கே போய்த் தேடுவது?

"உழறதுக்கு முன்னாடி ஒரு தடவை வெட்டிக்கிறேங்க" என்று கேட்டாள்.

"களையை வெட்டிக்கிட்டுப் போறேன்னு கெஞ்சுற ஆளை இப்பத்தாம்மா பாக்கறேன். தாராளமா வெட்டிக்குங்க" என்றார் அவர்.

எப்படிச் செய்வது என்பதை வேளாண்மை அலுவலகத்து விதைக்காரம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். முதலில் பள்ளத்துப் புல்லை ஒட்ட வெட்டி, பல்லுக்கலப்பையால் கீறி மண் தெரிய வைக்க வேண்டும். மேட்டுப் புல்லை விதை முற்றியிருக்கும்போது வெட்டி, அன்றைக்கே கொண்டுவந்து மெல்லிசாகப் பரப்பிவிட வேண்டும். விதை தானாக உதிர்ந்து மண்ணில் சேரும். குவித்து மட்டும் வைக்கக்கூடாது. பச்சைப் புல் குவியலுக்குள் சூடேறி, விதை அவிந்துபோகும்.

சனிக்கிழமை கீறினார்கள். அண்ணன் ஒருதரம் நின்றார். "நல்லா இருக்கிற நிலத்தை ஏன் ரணமாக்கற?"

"இடம் விட்டாத்தானேங்க இன்னொண்ணு கால் வைக்கும்."

அவர் மறுபடி கீற ஆரம்பித்தார். சுடுதண்ணியிடம் மட்டும் அண்ணி மூச்சுவிடவில்லை. சொன்னால் பால் வண்டி போகிற தெருவெல்லாம் அவள் பெயர் சிரிப்பாய்ச் சிரிக்கும் என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியோடு போனதும் மேட்டில் வெட்டி, பள்ளத்தில் பரப்பி முடித்தார்கள். இரவல் வாங்கிய டிரெய்லரைத் திருப்பிக் கொடுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பினார்கள். திரும்பும் வழியில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மழை அடித்தால் விதையை மண்ணோடு மண்ணாக ஒட்டவைக்குமே!

வீட்டுக்கு வந்து பார்த்தால், பள்ளம் பெருக்கிவிட்ட வாசல் மாதிரி சுத்தமாக இருந்தது.

சுடுதண்ணி புல் வாருகிற வாரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தலையெல்லாம் தூசியோடு ஓடிவந்தான். "அண்ணி! ஒரு துரும்பு நனையலை! பக்கத்து வீட்டு ஆளுங்களையும் இழுத்து வந்து வாரிட்டேன். கொட்டகையில மிதிச்சு மிதிச்சு அடைச்சிருக்கேன், ஊசி போக இடமில்லை!"

பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை கண்ணுகளா. வெட்டின புல்லும் மழையும் சந்திக்கக்கூடாது என்பது மாடு வைத்திருப்பவர்களின் ரத்தத்தில் ஊறினது. யார் வீட்டுப் புல் என்றுகூடக் கேட்காமல் ஓடிப்போய் வாருவார்கள். மேகத்தைக் கண்டான், வாரினான்.

அண்ணி பதில் சொல்லாமல் கொட்டகைக்கு ஓடினாள். புல் போருக்குள் முழங்கை வரை கையை நுழைத்தாள். காய்ச்சல்காரன் கக்கத்தில் கை வைத்த மாதிரி இருந்தது.

"இழுங்க! எல்லாத்தையும் வெளிய இழுங்க!"

"அண்ணி, மழை வருது!"

"வரட்டும்டா! மழைக்குத்தாண்டா போட்டேன்!"

அவள் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. விஷயத்தைச் சொல்லிக்கொண்டே கை கையாக இழுத்தாள். அண்ணன் கவைக்கோலை எடுத்தார். தூறல் பெருமழையானது. வேலிக்கு அந்தப் பக்கம், வாரிக்கொடுத்த கூட்டம் சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

"காலையில பரப்பினீங்க, மத்தியானம் வாரினோம், இப்ப மறுபடி பரப்பறீங்க. மாடு எப்பத்தான் தின்னும்?"

"சாயங்காலம் மறுபடி வாரக் கூப்பிட்டா நான் வரமாட்டேம்பா!"

நனைந்த புல் பிணக்கனம் கனத்தது. சுடுதண்ணி தலையில் சுமந்து ஓடினான், வழுக்கி விழுந்தான், எழுந்து ஓடினான். கடைசிச் சுமையைப் பரப்பும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொன்னா சிரிப்பே."

"சிரிச்சிருப்பேன். சிரிச்சுட்டுச் செஞ்சிருப்பேன்."

அண்ணி அவன் தலையில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை மழைவிட்ட ஈரத்திலேயே மேடு கறுப்பாகப் புரண்டது. அன்றிலிருந்து அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கறவை முடிந்ததும் வாளியை வைத்துவிட்டுப் பள்ளத்துக்கு ஓடுவாள். குளிர் போய்ப் புல் தலைநீட்டியதும், குனிந்தே நடந்தாள். பழைய புல்தான் தெரிந்தது. "இப்படி முறைச்சா முளைக்கிறதும் உள்ளயே ஒளிஞ்சுக்கும்" என்றார் அண்ணன்.

முதலில் கண்டது சுடுதண்ணிதான். மஞ்சள் பூச்செடியின், பல் பல்லாக விளிம்பு வைத்த ஒரு சின்ன இலை, பிறகு பயற்றுக் கொடி. அவன் வாரி இழுத்த தடங்களில் அவை கோடு கோடாக நின்றன. தொட்டால் உதிர்கிற விதைகள் வாருகிற குலுக்கலிலேயே விழுந்திருக்கின்றன. போரின் நடுவில் வெந்த புல்லைப் போட்ட இடம் மட்டும் வழுக்கையாகவே கிடந்தது. ஊதாப் பூ ஒன்றுகூட வரவில்லை. அண்ணி அதைத் தேடிக்கொண்டே இருந்தாள், கிடைக்கவில்லை. மேட்டிலும் இனி இல்லை.

அறுப்புக்காலம் வந்தது. ஊர் முழுக்க வெட்டிச் சேர்த்தாயிற்று. பள்ளத்துப் புல் மட்டும் வெட்டாமல் நின்றது. வந்த செடிகள் விதை முற்றி உதிர்க்காமல் வெட்டினால், வந்தது இந்த வருஷத்தோடு சரி. பிந்த விட்டால் புல் முரடாகும், மழையும் பிடிக்கும். வாரி இழுத்த கூட்டம் வேலியோரம் நின்று, "சுடுதண்ணி ஆறிப்போச்சா?" என்று கேட்டது.

அவன் கைகளைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு நின்றான். வானத்தைப் பார்ப்பான், அண்ணியைப் பார்ப்பான், வேலியைச் சுற்றி வருவான், வந்த இடத்திலேயே நிற்பான். மேகம் மறுபடி கறுத்தது.

"அண்ணி, இப்ப வெட்டலாமா?"

அண்ணி ஒரு காயை நகத்தால் பிளந்து பார்த்தாள். உள்ளே இன்னும் பச்சை.

"இன்னும் கொஞ்சம் பொறு தம்பி."

"சரி" என்றான். பொறுக்கவே தெரியாதவன், முதல் துளி மூக்கில் விழுந்தும் வாரியைத் தொடாமல் நின்றான்.

போய்ப் படுங்க கண்ணுகளா. உங்கள் வீட்டில் பலதும் முளைக்கட்டும், ஒன்று வாடும் நாளில் இன்னொன்று தாங்கட்டும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு செய்கிற வீடாக, சிரித்துவிட்டாவது கூட நிற்கிற வீடாக, நல்லா இருங்க.