நெருப்பு வெளிச்சத்தில் பார்த்த முகம்

பண்டசோழநல்லூர் அரங்கநாதனின் மனைவி தனக்கொடி ஒரு முகத்தைப் பார்த்தால் மறக்கமாட்டாள் என்று ஊரே சொல்லும். எப்போதோ கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்தவரைப் பல வருஷம் கழித்துச் சந்தையில் கண்டாலும் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அதனால் தன் தாலிச் சங்கிலியை அறுத்தவனைப் பற்றி அவள் சொன்னதைப் போலீசுச் சாவடியில் யாரும் சந்தேகப்படவில்லை.

மடுகரையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுக் கரும்புக் கொல்லை வழியாகத் திரும்பியபோது, பொழுது சாயும் நேரத்தில் அது நடந்தது. ஒருவன் பின்னாலிருந்து பாய்ந்து பிடித்தான். திமிறியவளின் வாயில் புறங்கையால் ஓங்கி அறைந்தான். சங்கிலியோடு கரும்புக்குள் புகுந்து மறைந்தான். கொல்லையைத் தாண்டினால் இங்கிலீசுக்காரன் எல்லை. அந்தப் பக்கம் போய்விட்டவனைப் புதுச்சேரிப் போலீசு தொட முடியாது.

"மூஞ்சி ஞாபகம் இருக்குதாம்மா?" என்று கேட்டார் சாவடித் தலைவர் பலராமன்.

"நல்லா இருக்குது. அகலமான மூக்கு. எடது புருவத்த ரெண்டா வெட்டினாப்ல ஒரு தழும்பு."

மறுநாளே சிப்பாய்கள் ஒரு ஆளைக் கையைக் கட்டி இழுத்துவந்தார்கள். சேரியைச் சேர்ந்த கூலிக்காரன், இன்னாசிமுத்து. வேறு யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. "இவன்தானே?" என்றார் பலராமன்.

அந்த மூக்கு, அந்தத் தழும்பு. தனக்கொடி விரலை நீட்டினாள். "இவனேதான்!" என்றாள்.

பலராமன் அவன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, இந்தம்மாவ இதுக்கு முன்ன பாத்திருக்கியா?"

"இல்லீங்க." அவன் தலை தொங்கியது. எச்சில் விழுங்க முடியாமல் தொண்டை ஏறி இறங்கியது.

"பாத்தீங்களா? பொய் சொல்றவனுக்குத் தொண்டை காஞ்சிடும். என் கண்ணுக்குத் தப்பாது" என்று பலராமன் மீசையைத் தடவிக்கொண்டார். இன்னாசிமுத்துவைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள்.

சில நாள் கழித்து அவன் மனைவி காசம்மாள் தனக்கொடி வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றாள். அழுது ஓய்ந்த முகம். ஆனால் குரல் நடுங்கவில்லை.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அன்னிக்கு நீங்க ஓடியாந்து விழுந்தப்போ கரும்பாலையில தண்ணி குடுத்தது யாரு?"

தனக்கொடி யோசித்தாள். விழுந்தது நினைவிருந்தது. வெல்லம் காய்ச்சும் அடுப்பின் வெளிச்சம் நினைவிருந்தது. யார் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"எங்க வூட்டு ஆளும்மா. உங்க ஆளுங்க வெளக்கோட வர்றதப் பாத்ததும் ஒதுங்கிட்டாரு. எங்க கையால நீங்க தண்ணி குடிச்சீங்கன்னு தெரிஞ்சா உங்களுக்கும் கேவலம், அவருக்கும் அடி. அதான் சாவடியில உங்களப் பாத்ததே இல்லன்னுட்டாரு."

"நீ சொன்னா நம்பிடணுமா?" என்றாள் தனக்கொடி கடுமையாக. பிறகு தானே படலைத் திறந்து வெளியே வந்தாள். "வா, போய்ப் பாப்பம்."

இருவரும் அந்தப் பாதையிலேயே நடந்தார்கள். திருடன் தன்னைப் பிடித்த இடத்தில் தனக்கொடி நின்றாள். கரும்புத் தோகை காற்றில் உரசிச் சலசலத்தது. அந்தச் சத்தத்தோடு அன்றைக்கு நடந்தது திரும்பி வந்தது. பின்னாலிருந்து வந்த கை. திமிறித் திரும்பியபோது கண்ணெதிரே அழுக்குத் துணி. முண்டாசுத் துணியை முகம் முழுக்கச் சுற்றியிருந்தான். மூக்கு ஏது, புருவம் ஏது! அவள் ஆலைவரை நடந்தாள். அடுப்பருகே நின்றதும், குனிந்து குவளையை நீட்டிய முகம் தழும்போடு தெளிவாக எழுந்து நின்றது. பயத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டிருக்கிறாள்.

"காசம்மா, நீ வூட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அரங்கநாதன் கேட்டதும் குதித்தார். "சேரிக்காரன் கையால தண்ணி குடிச்சேன்னு கச்சேரியில தொரை முன்னால போய்ச் சொல்லப் போறியா? நாளைக்கு நம்ம வூட்ல எவன் சாப்புடுவான்?"

"சாப்புடாதவன் போவட்டும். குடிச்சது நான், சொல்றதும் நான். நீங்க வண்டி கட்டலைன்னா நடந்தே போறேன்."

அவர் வண்டி கட்டினார்.

புதுச்சேரி நீதிமன்றத்தில் பிரெஞ்சு நீதிபதி அவள் பேச்சை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார். நெற்றி சுருங்கியது. "அன்று நிச்சயம் என்றாய், இன்று இல்லை என்கிறாய். யார் உன்னை மிரட்டியது?"

"என்னை மிரட்டுறவன் இனிமேதான் பொறக்கணும், தொரை. நான் பாத்தது இந்த ஆளு மூஞ்சியத்தான். ஆனா அது என்னை அடிச்ச மூஞ்சி இல்ல, தண்ணி குடுத்த மூஞ்சி. திருடன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல."

பின்வரிசையில் அரங்கநாதன் தலையைக் குனிந்துகொண்டார். நீதிபதி சற்று யோசித்துவிட்டு, கைதியை வெளியே கொண்டுபோகச் சொன்னார். "தண்ணீர் குடித்தபோது என்ன நடந்தது? யாருக்கும் சொல்லாதது ஏதாவது உண்டா?"

தனக்கொடி கண்ணை மூடித் திறந்தாள். "வாயெல்லாம் ரத்தம். மொத வாய்த் தண்ணிய முழுங்க முடியாம அவன் காலு மேலயே துப்பிட்டேன்."

இன்னாசிமுத்துவை உள்ளே அழைத்து அதே கேள்வியைக் கேட்டார்கள். அவன் தயங்கி அவளைப் பார்த்தான்.

"தைரியமா சொல்லு. நான் சொல்லிட்டேன்" என்றாள். அதற்குமேல் பேச வேண்டாமென்று மொழிபெயர்ப்பாளர் கையைக் காட்டினார்.

"எங்காலு மேல துப்பிட்டாங்க தொரை, ரத்தமா. வூட்ல கூட அத சொல்லல. அப்புறம் கழுவிட்டு வேற தண்ணி மொண்டு குடுத்தேன்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அன்றைக்கே அவனை விட்டுவிட்டார்கள்.

வாசலில் பலராமன் அவளை மறித்தார். "இருந்தாலும் அவன் பொய் சொன்னானே, அது நெசந்தானே?"

"பொய்தான். எதுக்குச் சொல்றான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு பேருக்கும் இந்த அலைச்சல் இல்ல. இனிமே ஒத்த ஆளக் கட்டி இழுத்தாந்து 'இவன்தானே'ன்னு யாரையும் கேக்காதீங்க. ஆமான்னுதான் வாய்ல வரும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

திருடன் அகப்படவே இல்லை. தனக்கொடி மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துப் போட்டுக்கொண்டாள். அந்தத் தண்ணீரைக் குடித்ததற்குப் பரிகாரம் செய்யச் சொன்னாள் நாத்தனார். "எதுக்கு?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள் தனக்கொடி. உறவில் சிலர் கொஞ்ச காலம் அந்த வீட்டுப் படியேறவில்லை. பாதிப் பேர் பொங்கலுக்குள் வந்துவிட்டார்கள்.

பல நாள் முகம் கொடுத்துப் பேசாமலிருந்த அரங்கநாதன், ஒருநாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, "கரும்பு வெட்ட ஆளு வேணும். அந்த இன்னாசிமுத்து வருவானான்னு கேளு" என்றார்.

அவன் வரவில்லை. பாகூர்ப் பக்கம் வேறு கொல்லையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் காசம்மாள் சொல்லி அனுப்பினாள். அது அவன் இஷ்டம் என்றாள் தனக்கொடி. வேறு ஆட்களைச் சேர்த்து, முன்னால் நின்று கரும்பை வெட்டி முடித்தாள்.